வெளியே ஒரு டோக்கன்

— முதல்ல தண்ணி வாளியப் பாரு மீனா. அதுல இல்லைன்னா அரிசிப் பானை. ரெண்டுலயும் இல்லைன்னா உன் போனுக்கு ஆயுசு கெட்டி.

— விளையாடாதீங்க மதினி. மெட்ராஸ்ல இருந்து ராத்திரி பூரா ரயில்ல வந்திருக்கேன். வாசப்படி ஏறுறதுக்குள்ள கையில இருந்த போனைப் பிடுங்கிட்டாரு. பெத்த மககிட்டயே.

— பெத்த மகன்னு தெரிஞ்சாத்தான. உன்னை என்னன்னு கூப்பிட்டாக?

— 'மேடம்'னு.

— நல்லதாப் போச்சு. அப்ப நீ இன்ஸ்பெக்சனுக்கு வந்த ஆபீசரு. மரியாதை கெடைக்கும். போன மாசம் எங்க அய்யா என்னைப் பாக்க வந்தாக. 'பீடி கொண்டாந்திருக்கியாலே'ன்னு மாமா கேட்டு, சம்பந்தின்னும் பாக்காம வேட்டி மடிப்பை உதறச் சொல்லிட்டாக. எங்க அய்யாவும் உதறுனாக. என்ன செய்ய, உள்ள பீடி இருந்துச்சு.

— வாளியில இல்லை. பானையிலயும் இல்லை.

— அப்ப மடியில வச்சிருப்பாக. நீ கெளம்புறப்போ கை நீட்டு, பத்திரமாக் குடுத்துருவாக. ஆயுசு பூரா பட்டாசுக் கம்பெனி கேட்டுல போர்மேனா நின்ன மனுசன் மீனா. உள்ள வாரவக போனு, தீப்பெட்டி, இரும்பு வளையலு, அம்புட்டையும் வாங்கி வச்சுட்டுத்தான் விடுவாக. உங்க அம்மா தவறிப்போனதை மறந்துட்டாக, சாப்பிட்டதை மறந்துட்டாக, உன்னை மறந்துட்டாக. கேட்டை மட்டும் மறக்கலை. இந்த வீடுதான் இப்ப கம்பெனி. நான் ஒருத்திதான் லேபர்.

— ஹால்ல மாட்டச் சொல்லி ஒரு கேமரா அனுப்பினேனே, அது எங்க?

— அந்தா, ஈரச்சாக்குக்கு உள்ள.

— அதான் என் போன்ல எப்பப் பாத்தாலும் இருட்டாத் தெரிஞ்சதா? நான் ஏதோ நெட் பிரச்சினைன்னு நினைச்சேன்.

— செவப்பு லைட்டு மினுக்குச்சு. பட்டாசுக்காரன் வீட்டுல செவப்பா எது மினுக்கினாலும் அது கனலுதான். சாக்கை நனைச்சு மூடிட்டாக. காயக் காயத் தண்ணி வேற தெளிக்காக. லைட்டு இல்லாததாப் பாத்து நீ அனுப்பியிருக்கணும்.

— மாத்திரை நேரத்துக்குப் பேசுற பெட்டி? அதுவும் போச்சா?

— அது வேலை செய்யுது. ஆனா மொத நாளு பட்ட பாட்டைக் கேளு. 'அப்பா, மாத்திரை சாப்பிடுங்க'ன்னு உன் குரலு வந்துச்சா. மாமா உடனே, 'நீ சாப்பிட்டியா தாயி?'ன்னு கேட்டாக. பெட்டி கம்முன்னு இருந்துச்சு. மறுக்கக் கேட்டாக. அப்பவும் கம்முன்னு இருந்துச்சு. 'உள்ள மாட்டிக்கிட்டு மயங்கிட்டா போல'ன்னு அடுப்படியில இருந்து மர மத்தைத் தூக்கிட்டு வந்துட்டாக, பெட்டியை உடைச்சு உன்னைக் காப்பாத்த.

— எதுக்கு மர மத்து?

— இரும்பால அடிச்சாப் பொறி பறக்கும்ல. அந்த அவசரத்துலயும் அது ஞாபகம் இருக்கு பாரு.

— அப்புறம் என்ன பண்ணீங்க?

— நானே பேசிப் பதிஞ்சு வச்சுட்டேன். 'அப்பா, மாத்திரை சாப்பிடுங்க.' பெறகு ஒரு மூச்சு இடைவெளி. அதுக்குள்ள அவுக கேக்க வேண்டியதைக் கேட்டுருவாக. 'நான் சாப்பிட்டேம்ப்பா, இப்ப நீங்க'ன்னு சொல்லும். அன்னையில இருந்து ஒரு வேளை தப்புனதில்லை.

— உங்க குரல்லயா?

— உன் குரல்லதான்.

— என் குரலு உங்களுக்கு எப்படி வரும்?

— அது என்ன பெரிய வித்தை. கொஞ்சம் மூக்கால பேசி, நடுவுல ஒரு 'ஆக்சுவலி' போட்டா முடிஞ்சது.

— மதினி, போதும். நான் சிரிக்கிற நிலைமையில இல்லை. எதுக்கு வந்திருக்கேன்னு உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் கார் வருது. மதுரையில ஒரு முதியோர் இல்லத்துல எல்லாம் பேசியாச்சு. அப்பாவை அங்க சேர்த்துட்டுத்தான் நான் ரயில் ஏறுவேன்.

— உங்க அண்ணன்கிட்டச் சொன்னியா?

— சொன்னேன். 'உம்'னாரு. அந்த 'உம்'முக்கு என்ன அர்த்தம்னு தெரியலை.

— ஒரு அர்த்தமும் இல்லை. பிரஸ்ல காலண்டர் சீசன். இன்னைக்கு என்ன கிழமைன்னு அவுககிட்டக் கேட்டா அடுத்த வருசத்துக் கிழமையைச் சொல்லுவாக. ஒரே வீட்டுல மறதி ரெண்டு பேருக்கு, டாக்டர்கிட்டக் காட்டுனது ஒருத்தரை. நீ சொல்லு, மாமா இங்கன இருக்கிறதுல உனக்கு என்ன குறை?

— அலையிறாரு மதினி. வாராவாரம், வியாழக்கிழமை ஆனா. தீபாவளிக்கு வந்தப்போ நான் அவர் அரைஞாண்ல ஒரு வட்டப் பொத்தான் கட்டி விட்டேனே, காசு மாதிரி.

— ஆமா. சார்ஜே போட வேண்டாம்னு சொன்ன.

— அது எங்க போனாலும் என் போன்ல புள்ளியாத் தெரியும். அப்பா தொலைஞ்சாக் கண்டுபிடிக்க.

— எங்க போனாலும்னா, வீட்டுல இருக்கா இல்லையான்னு தெரியும், அம்புட்டுத்தான?

— தெருப் பேரோட தெரியும். கடைப் பேரோட தெரியும்.

— அடி ஆத்தி.

— என்ன ஆத்தி?

— ஒண்ணுமில்லை, காப்பி சூடா இருக்கு. நீ சொல்லு.

— மொத வாரம் ஆமத்தூர்ல பஸ் ஏறி விருதுநகர் போயிருக்காரு. எண்ணெய்ப் பரோட்டாக் கடையில ரொம்ப நேரம் நின்னுச்சு புள்ளி.

— மாமாவுக்குப் பரோட்டான்னா உசுருல்ல.

— பல்லே இல்லையே மதினி.

— சால்னாவை ஊத்தி ஊற வச்சா இறங்கிரும்.

— அடுத்த வாரம் பியூட்டி பார்லர்.

— முடி வளந்துருச்சு, வெட்டப் போயிருப்பாக.

— எங்க வளந்துச்சு? மண்டை பளபளன்னு இருக்கு.

— காதோரம் இருக்குல்ல. இருக்கிறதைப் பாத்துக்கிட வேண்டாமா?

— அதுக்கு அடுத்த வாரம் வளையல் கடை.

— இரும்பு வளையலு போட்டிருக்காகளான்னு சோதனை போட.

— அப்புறம் சினிமா தியேட்டர். மேட்னி ஷோ, முழுசா.

— அங்கன ஒரே இடத்துல கூட்டமா உக்காந்திருப்பாகள்ல. ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல கூடாதுன்னு சொல்லப் போயிருப்பாக. அது கம்பெனிச் சட்டம், மாமா எப்பவும் சொல்றதுதான். பொங்கலுக்கு உங்க பெரியப்பா குடும்பம் வந்து ஹால்ல உக்காந்தப்போ, கூட இருந்தவகளை எல்லாம் எந்திரிச்சு முத்தத்துல நிக்கச் சொல்லிட்டாக. பெரியப்பாவும் தட்டோட போயி நின்னாக.

— மதினி, நான் சீரியஸாப் பேசுறேன். ஒவ்வொரு தடவையும் பதறிப் போயி உங்களுக்குப் போன் பண்ணேன். 'மாமா என் பக்கத்துலதான் இருக்காக, உன் கருவிக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு'ன்னு சொன்னீங்க. நானும் நம்பினேன். போன வாரம் அது ஆனைக்குட்டம் டேமுக்குப் போயிருச்சு. தண்ணி ஓரத்துல. போயி அங்கயே நின்னுச்சு, அசையவே இல்லை. ஆபீஸ் பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். அப்பா தண்ணிக்குள்ள கிடக்காருன்னே முடிவு பண்ணிட்டேன். உங்களைக் குத்தம் சொல்லலை. ஒத்த ஆளா நீங்க செஞ்சது போதும். ஆனா அவரைப் பூட்டி வச்சுப் பாத்துக்கிற இடம் வேணும்.

— பூட்டியா வைப்பாக?

— கதவுக்குக் கார்டு இருக்கும். உள்ள இருக்கிறவங்க தொறக்க முடியாது.

— மாமா கேட்டுக்கு வெளிய நிக்கிற ஆளு மீனா. அவுகளைக் கேட்டுக்கு உள்ள போட்டுப் பூட்டுனா செத்துருவாக. காரை வேண்டாம்னு சொல்லிரு.

— முடியாது.

— அந்தப் புள்ளி மாமா இல்லை.

— பின்ன?

— நான்.

— என்னது?

— பரோட்டா தின்னது நான். முட்டைச் சால்னாவோட. பார்லர்ல புருவம் எடுத்தது நான், நீயே வந்ததும் வராததுமா 'மதினி முகம் தெளிவா இருக்கு'ன்னு சொன்ன. சினிமா பாத்ததும் நான். படம் நல்லா இல்லை, ஆனா ஏசி நல்லா இருந்துச்சு.

— ஏன் மதினி, கேட்டப்பவே இதைச் சொல்றதுக்கு என்ன? இத்தனை வாரமா என்னைப் பொய் சொல்லி ஏமாத்தி...

— நீ என்ன கேட்ட? 'அப்பா எங்க'ன்னு கேட்ட. பக்கத்துலதான் இருக்காகன்னேன், சரி, அது பொய்யி. 'மதினி, நீங்க எங்க இருக்கீக'ன்னு ஒரு நாளாவது கேட்டிருந்தா உண்மையைச் சொல்லியிருப்பேன்.

— டேம்ல என்ன பண்ணீங்க?

— சும்மா உக்காந்திருந்தேன்.

— அவ்வளவு நேரமா?

— நான் குளிக்கயிலகூட மாமா கதவைத் தட்டி, 'உள்ள எத்தனை பேரு'ன்னு கேப்பாக. 'ஒருத்திதான் மாமா'ன்னு சத்தம் குடுக்கணும். குடுக்கலைன்னா கதவை உடைச்சுருவாக. தூங்கயில கேப்பாக, சமைக்கயில கேப்பாக. எனக்கு அவுக மேல கோவம் இல்லை மீனா, ஆனா அலுத்துப் போச்சு. யாரும் என்னை எண்ணாத ஒரு இடத்துல கொஞ்ச நேரம் உக்காரணும்னு தோணுச்சு. ஆனைக்குட்டத்துல தண்ணி இருந்துச்சு, காத்து இருந்துச்சு, எண்ணுறதுக்கு ஆளு இல்லை.

— அழாதீங்க மதினி.

— நான் எங்க அழுதேன். வெங்காயம் உரிக்கேன்ல.

— அது பூண்டு.

— ஏதோ ஒண்ணு.

— சரி, அதென்ன எல்லாம் வியாழக்கிழமை?

— செவ்வாய், வெள்ளி கோயிலு, கறிப் பக்கம் போக முடியாது. ஞாயித்துக்கிழமை உங்க அண்ணன் வீட்டுல இருப்பாக. வியாழன்தான் பரோட்டாவுக்குத் தோது.

— அப்பாகூட யாரு இருந்தா அப்ப?

— எதுத்த வீட்டுப் பத்திரகாளி அக்கா. உன் அப்பா கம்பெனியில வேலை பாத்தவுகதான். 'நீ போயிட்டு வா தாயி, போர்மேனை நான் பாத்துக்கிறேன்'னு அவுகதான் என்னைத் துரத்தி விட்டது. அவுக கதை உனக்குத் தெரியும்ல?

— கம்பெனியில தீப்பிடிச்சது மட்டும் கேள்விப்பட்டிருக்கேன். சின்னப் பிள்ளை அப்ப.

— மாமா கேட்டுல ஒரு பழக்கம் வச்சிருந்தாக. உள்ள போற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தகர டோக்கன். வேலை முடிஞ்சு வாரப்போ அதைத் திருப்பிக் குடுக்கணும், ஆணியில மாட்டிருவாக. அம்புட்டு ஆணியும் நெறஞ்சாத்தான் கேட்டைப் பூட்டுறது. தீப்பிடிச்ச அன்னைக்கு எல்லாரும் ஓடி வந்துட்டாகன்னு மொதலாளியே சொல்லிட்டாரு. மாமா ஆணியைப் பாத்தாக. ஒண்ணு வெறும் ஆணியாக் கெடந்துச்சு. ஈரச்சாக்கைப் போத்திக்கிட்டு உள்ள ஓடிப்போயி அக்காவைத் தூக்கிட்டு வந்தாக. அந்த அக்கா இப்ப வாரம் ஒருநா வந்து கேட்டுல ஒக்காந்து, 'போர்மேன், டோக்கன் சரியா இருக்கா?'ன்னு கேக்கும். மாமாவுக்கு ஒரே குஷி.

— ஆனா ஒண்ணு இடிக்குது. பொத்தான் அப்பா இடுப்புல இருக்கு. ஊர் சுத்தினது நீங்க. அதை எதுக்கு எடுத்துட்டுப் போனீங்க?

— நான் எடுப்பேனா? திருட்டுத்தனமா பரோட்டா திங்கப் போறவ, காட்டிக் குடுக்கிற கருவியைக் கூடக் கூட்டிட்டா போவா? மாமா அதை மறுநாளே அறுத்துட்டாக. வாசல் நிலையில ஒரு ஆணியில தொங்குச்சு. லைட்டு இல்லை, சத்தம் இல்லை, அதான் தண்ணிக்குப் போகாமப் பொழச்சுக்கிச்சு. தொங்கிட்டுப் போகுதுன்னு நானும் விட்டுட்டேன். மாமாதான் வெளியவே போறதில்லையே.

— ஒரு தடவைகூடவா?

— டூட்டியில இருக்கிற போர்மேன் கேட்டை விட்டுட்டு எங்கன போவாக? சாப்பிட எழுப்புறதுக்கே நான் கம்பெனிச் சங்கு மாதிரி ஊத வேண்டியிருக்கு.

— மேடம்.

— அப்பா... சொல்லுங்கப்பா.

— இன்ஸ்பெக்சன் முடிஞ்சதா? கெளம்புறதுன்னா பையத் தொறங்க. உள்ள வாரப்பவும் சோதனை, வெளிய போறப்பவும் சோதனை. ஆபீசருன்னு பாக்க முடியாது.

— மாமா, உங்களை ஒண்ணு கேக்கணும். ஆணியில தொங்குதே ஒரு வட்டம், அது என்னது?

— கண்ணு தெரியலையா உனக்கு? டோக்கன்.

— வியாழக்கிழமை நான் போறப்போ பையைத் தொறந்து பாப்பீகள்ல. அப்ப அதை என் பையிலயா போட்டீக?

— பின்ன? டோக்கன் இல்லாம ஆளை அனுப்புறதா? நீ கையில வாங்குனா அடுப்படியில வச்சு மறந்துருவ. அதான் பையில போடுறது. வந்த பெறகு நானே எடுத்து மாட்டிருவேன்.

— உள்ள போறவங்களுக்குத்தானப்பா டோக்கன்? இவங்க வெளிய போறாங்க.

— கம்பெனியில வெடிமருந்து உள்ள கெடக்கு மேடம். அதான் உள்ள போறவகளுக்கு டோக்கன். இங்கன உள்ள என்ன இருக்கு? சோறு இருக்கு, பிள்ளைக இருக்கு. மருந்து பூராம் வெளியதான் கெடக்கு. வெளிய போற ஆளு திரும்பணும்ல. இவ திரும்பலைன்னா நான் எங்கன போயித் தேட? எனக்கு இப்பல்லாம் பாதை மறந்து மறந்து போகுது.

— மாமா...

— என்னத்துக்கு கண்ணைக் கசக்குற? டோக்கனைத் தொலைச்சுட்டியா?

— இல்லை மாமா, ஆணியிலதான் இருக்கு.

— எனக்கு உண்டாப்பா? நான் வெளிய போனா எனக்கும் ஒரு டோக்கன் குடுப்பீங்களா?

— ஆபீசருக்கெல்லாம் டோக்கன் கெடையாது. அது வீட்டு ஆளுகளுக்கு.

— நான் உங்க மகப்பா.

— எம் மக மெட்ராசுல இருக்கா மேடம். இந்தா, இந்தப் பெட்டிக்குள்ள இருந்து தெனம் பேசுவா. தங்கமான பிள்ளை. 'சாப்பிட்டியா தாயி'ன்னா, 'சாப்பிட்டேம்ப்பா'ன்னு டக்குனு பதில் சொல்லும்.

— மதினி, அது நீங்க பேசினது.

— சும்மா இரு. உன்னைத்தான சொல்றாக.

— வருத்தமா இருக்கு மதினி. என் குரல்ல நீங்க பேசுற அளவுக்குக்கூட நான் பேசினதில்லை.

— பேசு, யாரு வேண்டாம்னா. வா, நல்லாப் பதிஞ்சு வச்சுட்டுப் போ. 'சாப்பிட்டேம்ப்பா'ங்கிறதை மூக்கால சொல்லாத, அது என் வேலை.

— அந்தக் கார்க்காரருக்கு முதல்ல சொல்லணும், மதுரைக்கு வேண்டாம்னு.

— சொல்லு. விருதுநகர் ஸ்டேசன்ல உன்னை மட்டும் இறக்கி விடட்டும். அப்படியே, அந்த மாதிரிப் பொத்தான் இன்னும் கொஞ்சம் வாங்கி அனுப்பு. ஆணி நெறையத் தொங்குனா மாமாவுக்குச் சந்தோசம். உங்க அண்ணன் பையில ஒண்ணு போடணும். பிரஸ்ல நிக்காகளா, வேற எங்கயும் நிக்காகளான்னு நானும் பாக்குறேன்.

— வியாழக்கிழமை?

— வியாழக்கிழமை மட்டும் நீ போனைப் பாக்கக் கூடாது.

— சத்தியமாப் பாக்க மாட்டேன். ஆனா போன் வேணுமே, அதைக் குடுக்கச் சொல்லுங்க.

— மாமா, ஆபீசரு கெளம்புறாக. போனைக் குடுத்துருங்க.

— இந்தாங்க மேடம். பையத் தொறங்க. ம்... இது என்ன, சீப்பா? சரி. இது தண்ணி பாட்டிலு. சரி. போகலாம். பாத்துப் போங்க.

*

— ஹலோ, மீனா? ரயில் ஏறிட்டியா?

— மதுரையே வந்துருச்சு மதினி. கொஞ்சம் வாசல் பக்கம் போங்களேன். ஆணியில டோக்கன் இருக்கா பாருங்க.

— இருக்கும். எங்க போகப் போகுது. இரு... இல்லையே மீனா. நான் எங்கயும் போகலை, சத்தியமா. இன்னைக்கு வியாழக்கிழமைகூட இல்லை.

— நீங்க இல்லை. சும்மா போனைத் தொறந்தேன். புள்ளி மதுரை ஸ்டேசன்ல நிக்குது, ரயில் மேலயே. பையைக் கொட்டிப் பாத்தேன். சீப்புக்கு அடியில கிடக்கு.

— சோதனை போடயிலயே வச்சிருக்காக.

— ஆபீசருக்குக் கிடையாதுன்னாகளே மதினி. வீட்டு ஆளுகளுக்குத்தான்னாகளே.

— நீ அழாத. பக்கத்துல ஆளு இருப்பாக.

— இருக்கட்டும். அப்பா இப்ப என்ன செய்றாக?

— கேட்டுப் பக்கத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்திருக்காக. பூட்டுவமா மாமான்னு கேட்டேன், முடியாதுன்னுட்டாக. ஒரு டோக்கன் வெளிய இருக்காம். நான் எப்படியும் சமாளிச்சுக்கிறேன், உங்க அண்ணனை விட்டுப் பின்பக்கமாப் பூட்டச் சொல்றேன். ஆனா அடுத்த வியாழக்கிழமை நீ கொண்டாந்து குடுத்துரு.

— வாரேன். கண்டிப்பா வாரேன். யாரோட டோக்கன்னு கேட்டீகளா?

— கேட்டேன். 'எம் மக பாண்டிமீனாவோடது. நம்ம ரெண்டு பேருக்கும் பரோட்டா வாங்கப் போயிருக்கா, சூடு ஆறுறதுக்குள்ள வந்துருவா'ன்னாக.